பால் வைத்த கை

இனி இந்தத் தோளில் ஒரு சிலிண்டரையும் ஏற்றுவதில்லை என்று அழகுமுத்து சபதம் எடுத்தபோது, அவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். சிலிண்டர் அவரோடு இல்லை. அது படிகளில் உருண்டு, வளைவில் பக்குவமாகத் திரும்பி, தான் இறங்கிய லொறிக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில், கேஸ் லொறி கோயில் சந்தியோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிதான். புதிய வீட்டுத் திட்டத்தில் அழகுமுத்துவுக்குக் கிடைத்த வீடோ உச்சியில் இருந்தது. வாசலில் நின்றால் நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும், அருமையான காட்சி என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் யாரும் சிலிண்டரோடு ஏறி வந்தவர்கள் இல்லை.

மீண்டும் கீழே போய், லொறிக்காரர் "இன்னொண்ணு வேணுமாண்ணே?" என்று கேட்டதைக் காதில் வாங்காமல், அதே சிலிண்டரைச் சுமந்துகொண்டு வீடு வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவி பூரணி கேட்டாள். லொறிக்காரரோடு நாட்டு நடப்புப் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

பூரணி இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் செருகியிருந்த ஒரு தேயிலைக் கொழுந்தை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அழகுமுத்து அப்போதே பயந்திருக்க வேண்டும். பூரணி பேசினால் ஆபத்தில்லை.

பகலில் அழகுமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஆனால் மலை முழுக்க அவரை அறிந்தது கோயில் திருவிழாக் கமிட்டிச் செயலாளராகத்தான். மைக் பிடித்துப் பழகிய வாய். வீட்டிலும் மைக் இருப்பது போலவே பேசுவார். அந்தச் சிலிண்டர் தீரும் நாள்வரை பொறுத்திருந்தார். தீர்ந்த அன்று அறிவித்தார்: இந்த வீட்டில் இனி கேஸ் இல்லை. கரண்டில் எரியும் இண்டக்சன் அடுப்பு வரப்போகிறது.

"எல்லாம் ஒனக்காகத்தான் புள்ள. ஒன் கண்ணு எரியக்கூடாது."

"கேஸ் அடுப்புல எங்கங்க கண்ணு எரியுது?"

"எரியாட்டியும்."

பூரணி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சரிங்க, ஒங்க இஷ்டம் என்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அழகுமுத்து மகிழ்ந்துபோய், கேஸ் அடுப்பைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பஸ் ஏறினார்.

மஸ்கெலியாவில் பைஸரின் கடையில் அடுப்பு கிடைத்தது. கறுப்புக் கண்ணாடி, பட்டன்கள், தொட்டால் ஒரு கீச்சுச் சத்தம். பைஸர் அதைப் பெட்டியில் வைக்கும்போது கூடவே ஒரு சின்னக் காந்தத்தையும் போட்டார். காந்தம் ஒட்டுகிற சட்டிதான் இந்த அடுப்பில் சுடும், மற்றதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தார்கள். அத்தனையும் அலுமினியம். காந்தம் எதிலும் நிற்காமல் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது ஒட்டிய இடங்கள் இரண்டு: ரொட்டிக்கல், கதவுத் தாழ்ப்பாள்.

"தாழ்ப்பாள்ல சோறாக்க முடியாதுங்களே" என்றாள் பூரணி, மிகுந்த கவலையோடு.

மறுநாளும் அழகுமுத்து பஸ் ஏறினார். பைஸர் புதுச் சட்டிகளை ஏற்கனவே கட்டி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடாயிற்று. பக்கத்து வீட்டு லோஜினியும் அவள் கணவன் மாயாண்டியும் வந்தார்கள். புது அடுப்பில் முதலில் பால் பொங்க வேண்டும்; அது எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். பொட்டு வைத்த பால்சட்டியைப் பூரணி எடுத்தாள். எடுத்தவள் தயங்கினாள். கரண்டு சாமான் என்றால் தனக்குக் கை நடுங்குகிறது என்றாள்.

"நீங்களே வைங்க. வாங்கினவரு நீங்க. பட்டன் தெரிஞ்சவரும் நீங்கதான்."

லோஜினியும் மாயாண்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அழகுமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு பட்டனையும் விளக்கியபடி பாலை வைத்தார். விளக்கம் பாதியிலிருக்கும்போதே பால் பொங்கி, கண்ணாடி முழுவதும் வழிந்தது. அடுப்பு பயந்துபோன குருவி மாதிரிக் கத்திவிட்டுத் தானாகவே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும் விட அதிக நேரம் கைதட்டியது பூரணி.

சனிக்கிழமை விடியுமுன்னே குளிர் எலும்பைக் கடித்தது. அழகுமுத்து போர்வைக்குள் இருந்தபடி தேத்தண்ணிக்குக் காத்திருந்தார். வரவில்லை. தலையை நீட்டிப் பார்த்தார். தோட்டத்து வேலையாட்கள் காலையில் கூடும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க, பூரணி கூடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி ஊத்தலயா புள்ள?"

"நான் எப்பிடிங்க அந்த அடுப்பத் தொடுறது? பால் வச்ச கை மாறக்கூடாதுல்ல."

அழகுமுத்துவுக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. போன மாசித் திருவிழா ஞாபகம் வந்தது. கோயில் வாசலில் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஈர விறகு, ஒரே புகை. பூரணிக்குக் கண் திறக்க முடியவில்லை. கரண்டியை ஒரு நிமிடம் லோஜினியிடம் கொடுக்கப் போனாள். அப்போது மைக்கில் ஒரு குரல் மலை முழுக்கக் கேட்டது. "வீட்டு அடுப்பானாலும் சரி, கோயில் அடுப்பானாலும் சரி, பால் வச்ச கை மாறக்கூடாது. தாய்மார்கள் தயவுசெய்து கவனிக்கவும்." பூரணி கண்ணீரோடு கடைசிவரை கிண்டி முடித்தாள். குரல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

"அது கோயிலுக்குச் சொன்னது" என்றார் அழகுமுத்து மெல்ல.

"வீட்டு அடுப்புன்னுதான் மொதல்ல சொன்னீங்க."

வேண்டுமானால் கேஸ் அடுப்பை வெளியே எடுக்கட்டும், அதில் தான் சமைக்கத் தயார் என்றும் அவள் சொன்னாள். சிலிண்டர்தான் காலி. அழகுமுத்து படிகளை நினைத்துப் பார்த்தார். சமைப்பதா, சுமப்பதா? போர்வையை உதறிவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

அன்றிலிருந்து ரொட்டி அவர் கை, பருப்பு அவர் கை, பூரணி மழையில் நனைந்து வந்தால் குளிக்க வெந்நீரும் அவர் கை. முதல் ரொட்டியைப் பிய்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பூரணி ஒரு குறையும் சொல்லவில்லை. நல்லா இருக்குதுங்க, பல்லுக்கும் நல்லது என்றாள். மாவை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், தேங்காய்ப்பூ எப்போது போட வேண்டும் என்று அடுப்பைத் தொடாமல், கதவோரம் நின்றே பக்குவம் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பேச்சு நேரம் அழகுமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மாயாண்டி இரகசியமாக வந்தார். லோஜினியும் இண்டக்சன் அடுப்பு கேட்கிறாளாம். பால் காய்ச்ச நாளும் பார்த்துவிட்டாளாம்.

"அண்ணே, அந்தச் சட்டத்தக் கமிட்டியில மாத்திருங்கண்ணே."

அழகுமுத்துவுக்கும் ஆசைதான். ஆனால் மைக்கில் சொன்னதை மைக்கில்தானே மாற்ற வேண்டும்? ஏன் மாற்றினார் என்று மலை முழுக்கச் சிரிக்குமே. முடியாது மாயாண்டி, சாமி விஷயம் என்று சொல்லிவிட்டு, பருப்பு அடிப்பிடிக்குமுன் உள்ளே ஓடினார்.

அப்புறம் ஆனி மாதக் காற்று வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, கோயிலுக்குப் பக்கத்தில் மரம் விழுந்து கரண்டுக் கம்பி அறுந்தது. கரண்டு வர மூன்று நாலு நாள் ஆகும் என்றார்கள். கறுப்புக் கண்ணாடி செத்துக் கிடந்தது. அழகுமுத்து அதற்காக வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நான் என்னா செய்யிறது புள்ள. கரண்டு இல்லையே."

பூரணி குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து சாக்கை இழுத்தாள். கேஸ் அடுப்பைத் துடைத்து மேலே வைத்தாள். நாளைக்கு லொறி வருவதாக லோஜினி சொன்னாளாம்.

காற்று கூரை ஓடொன்றைத் தூக்கிப் போட்டது. அழகுமுத்து காலை மடக்கினார். மைக் இல்லாத குரல் வெளியே வந்தது.

"பூரணி, எனக்குத் தோளு முடியல. அன்னைக்கு விழுந்துட்டேன்."

"தெரியும்" என்றாள் அவள். "சிலிண்டர்ல கொழுந்து இருந்திச்சே. நாட்டு நடப்புப் பேசுன எடத்துல ஏதுங்க தேயிலை?" பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தோளைப் பிடித்துவிட்டாள். "நெசத்தச் சொல்லியிருந்தா, ஒரு பக்கம் நானும் புடிச்சிருப்பேன்ல."

"இப்ப சொல்லிட்டேனே" என்றார் அழகுமுத்து, நம்பிக்கையோடு.

பூரணி தோளை இன்னும் மெதுவாகப் பிடித்துவிட்டாள். அவளுக்கு மனம் இளகுவது முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"கேஸ் அடுப்புக்குப் பால் வச்சது என் கை, சமையல நான் பாத்துக்கிறேன். ஆனா மொத சிலிண்டர் தூக்குனது ஒங்க கையில்லங்களா, அத எப்பிடி மாத்துறது?"