நாலு கண்ணாடியும் வந்து சேர்ந்தன

மாட்சிமை தங்கிய என் அண்ணன் மகனுக்கு, உன் ஒரே சித்தப்பனும் இந்தக் குடும்பத்தின் அங்கீகரிக்கப்பட்ட புளுகனுமாகிய நான் எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அடுத்து, இதில் வரப்போகிற கதையை நீயோ, உன் மனைவியோ, இதைக் கொண்டுவரும் தபால்காரரோ ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இரண்டு கையையும் தூக்கி உறுதி கூறுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போதெல்லாம் உன் அப்பா என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குக் கண் மங்கலாக இருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும், நீயே வந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று உன்னிடம் மூன்று முறை சொன்னேன். லீவுக்கு வருகிறேன் என்றாய். லீவு வந்தது, நீ வரவில்லை. ஒரு பெட்டி வந்தது. ஆறு பேர் தூக்கி, வாசல் நிலையைப் பெயர்த்து உள்ளே கொண்டுவந்து பிரித்தால், கட்டில் அகலத்துக்கு ஒரு த்ரீ-டி டிவி, மூன்று டிஸ்க், நாலு கண்ணாடி. கண்ணாடி கேட்டதற்குக் கண்ணாடியே அனுப்பிவிட்டாய். ஒன்று கேட்டால் நாலு அனுப்புகிற பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது? தெரு முழுக்க உன் புகழ்தான். பாதி நான் பரப்பியது.

முதல் டிஸ்க்கில் ரயில். உன் அப்பா, நான், உன் சித்தி, மாடியில் குடியிருக்கும் தையல்காரர் என நாலு பேரும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மொத்தமாகக் கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் மாதிரி சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவேன் என்று உன் அப்பா ஒரே அடம். ரயில் திரையைக் கிழித்துக்கொண்டு வந்து, உன் சித்தி கையிலிருந்த டம்ளரைத் தகடாக்கிவிட்டு, சமையலறை வழியாகப் போயிற்று. கழுத்தில் டேப்போடு அதில் ஏறிக்கொண்ட தையல்காரர் மூன்றாம் நாள்தான் திரும்பினார், வழியில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கால்சட்டை அளவெடுத்துக்கொண்டு. இரண்டாம் டிஸ்க்கில் கடல். முழங்காலளவு தண்ணீரில் நின்று உன் சித்தி, அனுப்பியவனே வந்து துடைக்கட்டும் என்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பீரோவுக்கு அடியிலிருந்து இன்னமும் நண்டு வருகிறது.

இந்த அமளியில் ஒன்றைக் கவனித்தேன். ரயில் பாய்ந்தபோது நாங்கள் மூவரும் குனிந்தோம். உன் அப்பாவும் குனிந்தார். ஆனால் ரயில் போய், தூசி அடங்கி, கார்டு கொடியை மடித்த பிறகு. அலைக்கும் அப்படியே, நாங்கள் நனைந்து தலை துவட்டி முடித்த பிறகு பின்னால் சாய்ந்தார். மனுஷன் டிவியைப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறார் என்று சந்தேகம் தட்டியது. என் குணம் உனக்குத் தெரியும். மூன்றாம் டிஸ்க்கில் ஓர் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா துணி மடிக்கிற இடமாகப் பார்த்து, வேட்டுச் சத்தம் கேட்டவன்போலக் குனிந்தேன். அவரும் குனிந்தார். சாய்ந்தேன், சாய்ந்தார். ஒன்றுமில்லாத காற்றில் கையை நீட்டிப் பிடித்தேன். அவரும் பிடித்து, "அடேயப்பா, என்ன கிட்டக்க வருது" என்றார். சிரித்ததில் என் விலா எலும்பில் பதினாறு உடைந்தது. பதினேழாவது உடையுமுன் சிரிப்பு நின்றுவிட்டது.

டிவியை நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடி, இது எத்தனை விரல் என்று கேட்டேன்.

"டிவியைப் போடுறா" என்றார்.

தையல்காரர்தான் மெதுவாக விளக்கினார். ஊசியில் நூல் கோக்கிறவருக்குத் தெரியாதா? இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் எதுவும் முன்னே வருமாம்; ஒற்றைக் கண்ணுக்கு அந்த ரயிலும் சுவரில் மாட்டிய காலண்டர்தானாம். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவன்கிட்ட சொல்லிடாத. ஆசையா அனுப்பியிருக்கான். முன்னாடி வருதாப்பான்னு வாராவாரம் கேக்குறான், வரலைன்னு எப்படிடா சொல்றது?" என்றார்.

நாளைக்கே டாக்டரிடம் போவோம் என்றேன். நீ கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாயாம், அதனால் வரமாட்டாராம். நானே தனியாகப் போய்க் கேட்டுவந்தேன். இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் வலது கண்ணும் அதே வழியில் போகும் என்றார் டாக்டர். உன் அப்பாவோ அந்த மிச்சமிருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் குனியப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் தாமதமே இல்லை, நல்ல தேர்ச்சி.

உன் டிவிகள் மேலும் பெரிதாகட்டும். உன் லீவுகள் நீளட்டும். பெட்டியில் அடைத்து அனுப்பக்கூடிய எல்லாப் பாசமும் உனக்குக் குறைவில்லாமல் பெருகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் சித்தப்பன்.

பின்குறிப்பு: உனக்கு உண்மை எதையும் எழுதமாட்டேன் என்று உன் அப்பா தலையைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே ஒப்புக்கொள்கிறேன், மேலே உள்ளது புளுகு. ரயில் சமையலறைப் பக்கமே வரவில்லை, தையல்காரர் எந்த ஊருக்கும் போகவில்லை, நண்டு கிடையாது, வாசல் நிலை நின்ற இடத்திலேயே நிற்கிறது, என் விலா எலும்பு அத்தனையும் பத்திரம். அந்த அம்மாள் சும்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா குனிந்தாரே, அதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை.