மனை எண் ஏழு

காலை பத்தரை மணிக்குப் பன்னிரண்டாக இருந்த மனைகள், பதினொரு மணிக்குப் பத்தாகிவிட்டன.

"இருபதடி ரோடு போட்டிருக்கீங்க," என்றார் திட்ட அதிகாரி, வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்தபடி. "முப்பதடி வேணும். கடைசியில தீயணைப்பு வண்டி திரும்புற அளவுக்கு வட்டமா இடம் விடணும்."

மனை போட்டு விற்கும் புரோமோட்டர் வரைபடத்தின் மேல் குனிந்தார். "சார், போன மாசம் இருபதடி போதும்னு நீங்கதானே..."

"போன மாசம் யாரும் கேக்கலை. இப்ப ஆட்சேபனை மனு வந்திருக்கு. வந்தா நான் பதில் எழுதியாகணும்."

"யாரு சார் குடுத்தது?"

"ஃபைல் முடியுற வரைக்கும் பேர் சொல்லக் கூடாது. ரூல்."

மனுவை எடுத்துவந்த பியூன், "கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்," என்று தன்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னார்.

புரோமோட்டர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கி, சொட்டிக்கொண்டிருந்தது.

முப்பது வருடத் தொழிலில் முந்நூறு குடும்பங்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தவர் அவர். அவரும் மனைவியும் குடியிருந்தது மட்டும் வாடகை வீட்டில். இப்போதிருப்பது பதினோராவது. மழை பெய்தால் வாசலில் செங்கல் போட்டுத் தாண்ட வேண்டும். 'இந்த ஒரு ஏக்கர்தான் என் கடைசி லேஅவுட், இதில் ஏழாம் எண் மனை உனக்கு' என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

'இடம் தாராளமா கிடக்கு' என்று அழைத்துப்போய்க் காட்டவும் செய்தார். பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து காற்று வீச, அவள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். ஏழு என்று எழுதியிருந்த கல்லைக் குனிந்து இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள்.

பத்து மனையாகிப்போன அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள். "ஆபீஸ்ல என்னங்க சொன்னாங்க?"

இரண்டு மனை போச்சு என்றால் முகம் வாடிவிடும். அந்த முகத்தை ஒவ்வொரு வீடு காலி செய்யும்போதும் பார்த்தாயிற்று.

"என்ன சொல்வாங்க? பன்னிரண்டும் கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப இடம் தாராளமா இருக்குன்னு சொல்லுங்க."

"தாராளமாவா? பந்தே விளையாடலாம்!"

மறுநாள் பிளான் போட்டுக் கொடுப்பவர் ஒரு யோசனை சொன்னார். "பத்து மனை இருந்தாத்தானே அண்ணே பார்க் விடணும்? ஒரு மனையைப் பிச்சு மத்த ஒன்பதுக்கும் பங்கு போட்டுடுங்க. பார்க்குக்கு டாட்டா!"

புரோமோட்டருக்கு அந்த வாரத்திலேயே முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

"குழந்தைங்க விளையாட இடமே இல்லைன்னு மனு வந்திருக்கு," என்றார் அதிகாரி. "மனையைப் பெரிசாக்கிட்டீங்க போலிருக்கே? இந்த அளவுன்னா ஒண்ணொண்ணுலயும் ரெண்டு வீடு கட்டலாம். ஆக, பதினெட்டு வீட்டுக் கணக்கு. பதினெட்டு வீட்டுக்கான பார்க் விட்டுடுங்க."

ஒன்பது ஏழாயிற்று.

"அதே முத்து முத்தான கையெழுத்துதான் சார்," என்றார் பியூன்.

நட்ட கல்லையெல்லாம் பிடுங்கி வேறு இடத்தில் நட்டார்கள். நட்ட கூலியைவிடப் பிடுங்கின கூலி அதிகம். வங்கி வட்டியோ ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்கவில்லை. புரோமோட்டர் செலவைப் பணத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டார், மனையில் எண்ணினார். ஏழாம் எண் கல்லை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

வீட்டில் அதே கேள்வி.

"எல்லாம் ஜோரா போகுது," என்றார். "இடம் கிடக்கு, கேக்க ஆளில்லாம."

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். எழுதிப் போடுகிறவன் கோழிப்பண்ணைக்காரன்தான். வேறு யாருக்கு வேலையில்லை? பகையை வளர்ப்பதைவிடப் பழம் கொடுப்பது மேல் என்று ஒரு கிலோ ஆப்பிளோடு போனார்.

"மனுவா? நானா?" கோழிப்பண்ணைக்காரர் வாயைப் பிளந்தார். "எனக்கு முட்டை எண்ணவே பொழுது பத்தலைண்ணே! இதுல உங்க ரோட்டை வேற அளக்கப் போறேனா?"

"இல்லை, சும்மா... அக்கம்பக்கம்னா ஒத்துமையா இருக்கணுமில்ல."

"அதுவும் சரிதான். ஒத்துமைன்னு வந்துட்டதால கேக்கறேன், என் தீவன வண்டி பின்பக்கமா வர்றதுக்கு ஒரு பாதை விட்டீங்கன்னா..."

சமாதானத்துக்கு ஒரு மனை. ஏழு ஆறாயிற்று.

போனால் போகட்டும், தொல்லை விட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கியது ஆறே நாள். ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை.

"கோழிப்பண்ணை நாத்தம் தாங்க முடியாதுன்னு மனு," என்றார் அதிகாரி. "எல்லை நெடுக மரம் வெக்கணும். ரெண்டு வரிசை."

இரண்டு வரிசை மரம் இரண்டு மனையைத் தின்றது. மிச்சம் நான்கு. நான்கே மனை உள்ள லேஅவுட்டில் ஒன்றுக்கு எண் ஏழு.

"நம்பரை மாத்திடலாமே அண்ணே," என்றார் பிளான்காரர்.

"அதைத் தொட்டே, உன்னை மரத்துக்கு உரமா போட்டுடுவேன்!"

ரூல்படி அந்த உத்தரவின் நகலை இடத்தில் ஒட்டினார்கள். கோழிப்பண்ணைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"நாத்தமா? என் பண்ணையா?" அவர் போட்ட சத்தத்தில் கோழிகளே அடங்கிவிட்டன. "ஆப்பிளைக் குடுத்துட்டு ஆப்பு வெச்சுட்டீங்களேண்ணே! இத்தனை வருஷமா உங்க இடத்து மழைத்தண்ணியை என் இடத்து வழியா விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

சாயங்காலத்துக்குள் எல்லையில் மூன்றடி மண்கரை எழும்பிவிட்டது. ராத்திரி மழை. காலையில் புரோமோட்டர் போய் நின்றபோது, ஏழாம் எண் கல் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. முந்நூறு பேருக்கு வாசல் காட்டியவருக்குத் தன் வாசல் எதுவென்று தெரியவில்லை.

அன்று மாலை மனைவி வாசல் செங்கல்லைக் காலால் நகர்த்தியபடி கேட்டாள். "மழை பெஞ்சா நம்ம இடத்துல எப்படிங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றுவதிலேயே வெகுநேரம் குனிந்திருந்தார்.

"நம்ம லேஅவுட்லயா? தண்ணி தானா பயந்து ஓடிடும்."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் மேஜை மேல் புது மனு இருந்தது. அதைப் பார்த்ததுமே புரோமோட்டர் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டு வாசல்ல மழைத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு கேட்டிருக்காங்க. நியாயந்தானே? தொட்டி கட்டி, மோட்டார் ரூம் போட்டுத் தண்ணியை வெளியேத்தணும். இருக்கறதுலயே பள்ளமான இடத்துல."

"எது சார் பள்ளம்?"

அதிகாரி வரைபடத்தில் விரலை வைத்தார். ஏழின் மேல்.

"சார், உங்க காலைப் பிடிக்கறேன். மத்த மூணையும் வேணா எடுத்துக்குங்க. இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

அதிகாரி ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நாம சொல்ற இடத்துக்குத் தண்ணி வராது சார். தண்ணி போற இடத்துக்குத்தான் நாம போகணும்."

மீதி மூன்று மனை வங்கிக் கடனுக்கே சரியாகப் போய்விடும். கையெழுத்துப் போடாவிட்டால் அந்த மூன்றும் இல்லை. புரோமோட்டர் போட்டார். பேனா இரண்டு முறை எழுத மறுத்தது, உதறிவிட்டுப் போட்டார்.

வெளியே மழை வலுத்திருந்தது. பியூன் குடையைப் பிடித்தபடி வாசல் வரை கூட வந்தார்.

"ஃபைல் முடிஞ்சுடுச்சுல்ல?" என்றார் புரோமோட்டர். "இனிமே சொன்னா தப்பில்லையே. யாருய்யா அந்தப் பாவி? ஏழாம் நம்பர் போச்சுன்னு இப்ப வீட்ல போய்ச் சொல்லணும். யாரால போச்சுன்னாவது சொல்றேன்."

பியூன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாவின்னெல்லாம் சொல்லாதீங்க சார், ரொம்பத் தன்மையான அம்மா. ஏழாம் நம்பர்ல குடிவரப் போறாங்களாம். 'நேர்ல கேட்டா எங்க வீட்டுக்காரர் சங்கடப்படுவாரு, ஆனா இடம் தாராளமா கிடக்குன்னு அவரே தினம் சொல்றாரு'ன்னுதான் சார் ஒவ்வொரு மனுவும் குடுத்துட்டுப் போனாங்க!"