ஏழாம் நம்பர் மலையில் வராத குளவி

என் வயதுக்காரர்களுக்கு சீனி வருத்தம் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. எனக்கு இருப்பது போனில் துப்பாக்கி விளையாட்டு. முதல் இரண்டுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை தருவார்கள். மூன்றாவதற்கு மருந்து என் மனைவி சாந்தியின் வாய்தான். (மூன்று வேளையும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்.)

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கண்டாக்கு. மலையில் நின்று வேலையைக் கவனிக்கிற உத்தியோகம். தொப்பி, சப்பாத்து, குடை, முகத்தில் ஒரு கடுமை. இந்தக் கம்பீரமான மனிதர் பின்னேரம் வீட்டுக்கு வந்தால், காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒரு தீவில் பரசூட்டில் குதித்துவிடுவார். நூறு பேர் குதிப்பார்கள். ஒருவரை ஒருவர் சுடுவார்கள். ஆடுகிற வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே மாட்டினால் சாவு. கடைசியில் மிஞ்சுகிற அணி ஜெயிக்கும். விளையாட்டு அவ்வளவுதான். நாற்பது வயதில் ஒரு மனிதன் இதற்காகச் சோற்றை ஆறவிடுவானா என்று கேட்டால், விடுவான்.

விளையாட்டோடு சாமான் வாங்குகிற வியாதியும் சேர்ந்து வந்தது. பெருவிரல் வழுக்காமலிருக்க வெள்ளி நூல் உறை. காதைச் சுற்றிச் சிவப்பு விளக்கு மினுங்குகிற, வயரில்லாத ஹெட்போன். எல்லாவற்றுக்கும் மேலாக, போன் சூடாகாமலிருக்க அதன் முதுகில் மாட்டுகிற குட்டிக் காற்றாடி. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டியாகி நிற்கிற ஊரில் காற்றாடி வாங்கிய முதல் ஆள் நான்தான். "போனுக்குக் காத்து வேணும், பொண்டாட்டிக்கு ஒரு கம்பளி வேணாமா?" என்று சாந்தி ஒரு தடவை கேட்டாள். நியாயமான கேள்வி. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் அணியில் நாலு பேர். கொழும்புப் பொடியன்கள் இருவர். அதிகம் பேசமாட்டார்கள், சுடுவார்கள். நாலாவது ஆள், கொட்டகலையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர். கிளி மாதிரிக் குரல். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. எல்லோரும் என்னைக் 'கப்டன்' என்று கூப்பிடுவார்கள். அணியில் ஒரு டீச்சர் இருக்கிற விஷயத்தை நான் சாந்தியிடம் மறைக்கவில்லை. சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. (ஒரு வருஷமாக வரவில்லை.)

அந்த வருஷம் கொழும்பில் விளையாட்டுப் பைத்தியங்களின் பெரிய கூட்டம் ஒன்று நடக்கவிருந்தது. வேஷம் கட்டி வருவார்கள், புதுப்புது சாமான் காட்டுவார்கள், மேடையில் அணிகள் நேருக்கு நேர் மோதும். அந்த மேடை ஏற, அதற்கு முன் ஆன்லைனில் ஒரு ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும். ஒரே ஆட்டம். தோற்றால் அடுத்த வருஷம்தான். நான் ஜெயிக்கும் முன்பே மஞ்சள் நிறத்தில் ஜெர்சி அடித்து, முதுகில் 'கப்டன்' என்று போட்டு வைத்திருந்தேன்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. வேலையில்லாத நாள் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் மழைக்குப் பிறகு கொழுந்து மளமளவென்று வந்துவிட்டது. எங்கள் மேனேஜர் தொரை ஞாயிறும் கைக்காசுக்கு, அதாவது அன்றைய கூலியை அன்றே கையில் கொடுத்து, கொழுந்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கவனிக்கவேண்டியது நான்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. என் வீட்டை விட்டால் தோட்டத்தில் ஒழுங்காக சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஏழாம் நம்பர் மலையின் உச்சிப் பாறை. ஆக, ஞாயிற்றுக்கிழமை எந்த மலையில் கொழுந்து எடுப்பது? ஏழாம் நம்பர் மலையில். உத்தியோகமும் நடக்கும், யுத்தமும் நடக்கும். இவ்வளவு புத்தி இருந்தும் நான் ஏன் இன்னும் கண்டாக்காகவே இருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு பக்கத்துத் தோட்டத்தில் குளவி கொட்டிப் பல பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எங்கள் தொரை பயந்துபோய், குளவி வந்தால் எப்படித் தப்புவது என்று ஆட்களுக்குப் பழக்கிவிடச் சொன்னார். பழக்கியது யார்? நான். தினமும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று தொண்டை வற்றச் சொன்னேன்: "ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க. என் சத்தம் கேட்டதும் கூடையப் போட்டுருங்க. படங்க எடுத்துத் தலையில மூடிக்கிட்டு நேரா ரோட்டுக்கு எறங்கிறணும்." இடுப்பில் கட்டியிருக்கிற படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடுவது எப்படி என்று நானே கட்டிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் கொழுந்தெடுக்கிற செல்லம்மாக்கா மட்டும் சிரிக்காமல், "ஐயா, ஒங்க சத்தம் எங்களுக்குக் கேக்குமா?" என்று கேட்டாள். கேட்கும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் மலையில் வரிசையாகப் பரவி நின்றார்கள். நான் பாறைக்கு மேலே, மஞ்சள் ஜெர்சிக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டு, காதில் சிவப்பு விளக்கு மினுங்க, பெருவிரல்களில் வெள்ளி உறையோடு உட்கார்ந்திருந்தேன். பனியில் காற்றாடி வேறு சுற்றியது. கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு ஐயா ஏதோ ஆபீஸ் வேலை செய்கிறார் என்று தோன்றியிருக்கும்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. பாதி ஆட்கள் செத்துவிட்டார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரு புல்மேட்டில். அப்போது பார்த்தால் மேட்டுக்கு மேலே ஒரு அணி முழுசாக எங்கள் தலைக்கு நேரே வருகிறது. காதில் ஹெட்போன் இருந்தால் நாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று நமக்குத் தெரியாது. நான் எழும்பி நின்று கத்தினேன்.

"ஓடுங்க! மேல இருந்து வருதுங்க! தலைய மூடிக்கிட்டுக் கீழ எறங்குங்க! ஓடுங்க!"

கத்தியதோடு போனில் என் ஆளைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

மலை ஓடிக்கொண்டிருந்தது.

கூடைகள் உருண்டன. பச்சைக் கொழுந்து சிதறிப் பறந்தது. மலை முழுக்கப் படங்குச் சாக்குகள் தலை மட்டும் மூடி, கால் முளைத்து, கீழே ரோட்டைப் பார்த்துப் பாய்கின்றன. யாரோ "குளவி! குளவி!" என்று அலறுகிறார்கள்.

இங்கே ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? 'அடடா, நாம் கத்தியதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள்' என்று புரிந்திருப்பான். நான் என்ன செய்தேன்? இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்றால் குளவி வந்திருக்கத்தானே வேண்டும்? போனைத் தேயிலைச் செடிக்குள் எறிந்தேன். மழைக்கோட்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் பாய்ந்தேன். (பிறகு முன்னாலும். பலரை முந்தியதாகச் சொல்கிறார்கள்.) பாதிவழியில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஒன்றில் தலைகுப்புற விழுந்தேன். ஹெட்போன் தண்ணீரில் முங்கி, கடைசியாக ஒரு தடவை சிவப்பாக மினுங்கி அடங்கியது.

ரோட்டில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் ஒரு கொட்டுக்கூட இல்லை. செல்லம்மாக்கா சாக்கை விலக்கினாள்.

"குளவி எங்கைய்யா?"

"நீங்கதானே பாத்திருப்பீங்க. நீங்க ஓடுனதப் பாத்துத்தான் நானும் ஓடுனேன்."

"நாங்க நீங்க கத்துனதக் கேட்டுல்ல ஓடுனோம்."

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்க்க வந்துகொண்டிருந்த தொரையின் ஜீப் அந்த நேரம் பார்த்துத்தான் வளைவில் திரும்ப வேண்டுமா? இறங்கினார். சேறு பூசிய என்னைப் பார்த்தார். மழைக்கோட்டு கிழிந்து எட்டிப்பார்த்த மஞ்சள் ஜெர்சியைப் பார்த்தார். சாக்கு மூடிய தலைகளைப் பார்த்துக் குளவிதான் என்று முடிவுகட்டி, கூடு எங்கே என்று காட்டச் சொன்னார். இல்லாத கூட்டை எப்படிக் காட்டுவது? பாறைப் பக்கம் என்று கையை நீட்டிவிட்டேன். அவர் மெதுவாக ஏற, நான் பின்னால், சாக்கை மூடியபடி செல்லம்மாக்காவும் இன்னும் சிலரும் அதற்குப் பின்னால்.

பாறையடியில் நின்று எல்லோரும் காதைத் தீட்டினோம். ஒரு ரீங்காரமும் இல்லை. அப்போது தேயிலைச் செடிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

"கப்டன், அப்பிடியே படுத்திருங்கோ. அசையாதேங்கோ. ஒருத்தரும் உங்களைக் காணேல்லை."

ஹெட்போன் செத்ததும் போன் தன் வாயாலேயே பேச ஆரம்பித்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்கு வேறு என்னென்னவோ புரிந்தது.

தொரை செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கண்டாக்கு," என்றார், "ஒங்க குளவி பேசுதே."

"கொரலு நல்லாத்தான் இருக்கு," என்றாள் செல்லம்மாக்கா.

நான் பாய்ந்து போனை எடுப்பதற்குள் குளவி மறுபடியும் பேசியது. "வெண்டிட்டம் கப்டன்! நீங்கள் படுத்த இடத்திலயே வட்டம் சுருங்கினது. நீங்கள் அசையாமப் படுத்ததாலதான் வெண்டனாங்கள்!"

விஷயம் இதுதான்: நான் விளையாடிச் செய்ய முடியாததை, நான் இல்லாமல் என் ஆள் புல்லுக்குள் படுத்தே செய்து முடித்துவிட்டான். எங்களுக்கு மேடை கிடைத்துவிட்டது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றிச் செய்தியை நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

சிதறிய கொழுந்தையெல்லாம் நானே பொறுக்க வேண்டும் என்பது தொரையின் தீர்ப்பு. பெண்கள் வரம்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு என்னைக் கவனித்தார்கள். "ஐயா, அந்தச் செடிக்கடியில கெடக்கு." "ஐயா, குனிஞ்சு பொறுக்குங்க, நோகாது." நான் இத்தனை வருஷம் மலையில் சொன்ன அத்தனையும் எனக்கே திரும்பி வந்தது. அந்தக் கடுமை உட்பட.

மறுநாள் கொழும்பு போக லீவு கேட்கப் பயந்து பயந்து போனேன். தொரை லீவைக் கொடுத்தார். கூடவே ஒரு விசிலையும் கொடுத்தார். "இனி குளவி வந்தா இத ஊதுங்க. மலையில நீங்க வாயத் தொறந்து கத்தக் கூடாது."

வீட்டுக்கு விஷயம் என்னை முந்திப் போயிருந்தது. தோட்டத்தில் இதற்கெல்லாம் சிக்னல் வேண்டியதில்லை. சாந்தி சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "கொழும்புக்கு நானும் வர்றேன்," என்றாள். சண்டை போட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

கொட்டகலை ஸ்டேஷனில் டீச்சர் எங்களுக்காகக் காத்திருந்தார். நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி, கம்பளிச் சட்டை, கையில் குடை. அடுத்த வருஷம் பென்ஷன் எடுக்கப்போகிறவர். என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, நீங்களே கப்டன்?" என்றார் அதே கிளிக்குரலில். சாந்தி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார். ரயிலில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு வழிநெடுக என்னைப் பற்றியே பேசினார்கள். நான் கதவோரம் நின்று மலையைப் பார்த்தேன்.

மேடையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? முதலில் செத்த அணி நாங்கள்தான். கத்தினால் மண்டபமே எழும்பி ஓடிவிடுமோ என்ற பயத்தில் கப்டன் கட்டளைகளைக் காதோடு காதாகச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

இன்றைக்கும் ஒரு வேலை செய்யாமல் நான் கட்டிலில் சாய்ந்தால் போதும், சாந்தி யாழ்ப்பாணத் தமிழில், "கப்டன், அசையாமப் படுத்திருங்கோ," என்பாள். சில நேரம் போனில் டீச்சரையே பிடித்துச் சொல்லவைப்பாள்.

போன மாசம் ஏழாம் நம்பர் மலையில் நிஜமாகவே குளவி கலைந்தது. நான் கத்தவில்லை. விசிலை ஊதினேன். கூடைகள் விழுந்தன, படங்குகள் ஏறின, எல்லோரும் ஒழுங்காக ரோட்டைப் பார்த்து இறங்கினார்கள். பழக்கியது வீண்போகவில்லை என்று பெருமையோடு நானும் அவர்கள் பின்னால் ஓடினேன். கீழே போய்க்கொண்டிருந்த ஒரு சாக்கு மட்டும் ஒரு கணம் நின்று என் பக்கம் திரும்பியது. உள்ளேயிருந்து செல்லம்மாக்காவின் குரல் வந்தது:

"ஐயா, போன விட்டுட்டு வந்துறாதீங்க. டீச்சர் தேடுவாங்க."