மூன்றாவது உதைக்கு வந்து நிற்பவர்

உங்கள் தெருவிலும் இவர் ஒருவர் இருப்பார். இல்லை என்று சாதிப்பவர்கள் மார்கழி மாதக் காலை ஒன்றில், ஏழரை மணி வாக்கில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாசலில் நிறுத்தி உதைத்துப் பார்க்கலாம். முதல் உதைக்கு ஒன்றும் நடக்காது. இரண்டாவது உதைக்கு எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். மூன்றாவது உதைக்கு, கிக்கரிலிருந்து நீங்கள் காலை எடுப்பதற்கு முன்பே, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும்.

"சோக்கு போட்டீங்களா?"

வந்துவிட்டார். கிளம்பாத வண்டிகளின் வைத்தியர். போர்டு கிடையாது, ஃபீஸ் கிடையாது, கூப்பிடவும் வேண்டியதில்லை. அனுப்புவதுதான் கஷ்டம்.

திருப்பூர்ப் பக்கம் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி வேண்டும் என்றால் தாராளமாக நஞ்சப்பனைக் காட்டலாம். குண்டடத்துப் பக்கத்திலிருந்து வந்து, ஆறு லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, முன்வீட்டில் குடியிருக்கிறார். வயது ஐம்பத்தாறு. காலையில் பேப்பரும் காப்பியும் முடிந்த பிறகு மத்தியானச் சாப்பாடு வரை அவருக்கு உத்தியோகம் எதுவும் இல்லை. ஆறு வீட்டு வண்டிகளும் ஒரே உதையில் கிளம்பிப் போய்விடுகிற நாட்களில் அவர் முகம் வாடிவிடும். மனைவி சாமியாத்தாள் என்ன குழம்பு வைத்தாலும் அன்றைக்கு உப்பு பத்தாது. ஆனால் ஒரு வண்டி மட்டும் இருமி, செருமி, அடங்கிப்போனால் போதும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பத்து வயது குறைந்தவராகப் படியிறங்குவார்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமாக நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவர் என்றால் போய்யா என்று சொல்லிவிடலாம். நல்லவர், அதுவும் வீட்டு ஓனர் என்றால் என்ன சொல்வீர்கள்?

மூன்றாம் நம்பர் வீட்டு முனீஸால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஆறு வருஷம் பனியன் கம்பெனியில் டெய்லராக மிஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தவனை இன்றுமுதல் ஒரு வரிசை மிஷின்களுக்கு லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். எட்டரைக்கு கேட் சாத்திவிடுவார்கள். "முதல் நாளே லேட்டுன்னா லைனை அடுத்த ஆளுகிட்ட கொடுத்துருவேன்" என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அடுத்த ஆள் ஏழு மணிக்கே கேட் பக்கத்து டீக்கடையில் வந்து உட்கார்ந்துவிடுகிற ரகம். அதனால் முனீஸ் முந்தின நாள் சாயங்காலம் தன் பதினெட்டு வருஷத்துப் பழைய வண்டியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் நிறுத்தியிருந்தான்.

காலையில் அது கிளம்பவில்லை.

நஞ்சப்பனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நேற்றுக் காலையும் இதே வண்டி அடம்பிடித்தது. அவர்தான் கிளப்பிக் கொடுத்தார். பக்கத்து மூடியைக் கழற்றி, இன்ஜின் காற்று இழுக்கிற வாயில் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த வேஸ்ட் துணியை ஒரு பிடி திணித்தார். காற்று குறைந்தால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் குளிரிலும் பிடித்துக்கொள்ளும் என்று பாடம் நடத்தினார். வண்டி பட்டென்று கிளம்பியது. பாராட்டுகளை வாங்கிக்கொண்டு, மூடியை மாட்டிவிட்டு, மீதிக் காப்பிக்குப் போய்விட்டார்.

இன்று முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி வருவார்களே, அப்படி.

"சோக்கு போட்டியா முனீசு?"

"போட்டேண்ணே."

"முழுசா இழுத்தியா, பாதியா?"

"முழுசாண்ணே."

"அங்கதான் தப்புப் பண்ணிப்போட்ட."

பாதி என்று சொல்லியிருந்தாலும் தப்புப் பண்ணியிருப்பான். இந்த இனத்தாருக்குப் பதில் முக்கியமில்லை, கேள்விதான் முக்கியம்.

"நேத்து நான் பண்ணுன வைத்தியத்துல வண்டி எப்படிப் போச்சு?"

"போச்சுண்ணே. ஆனா வழி பூரா கரும்புகையா விட்டுச்சு. இழுவையே இல்ல."

"அது பெட்ரோல்ல கோளாறு. இப்பெல்லாம் என்னத்தக் கலக்கறானுகளோ."

பிறகு சடங்குகள் தொடங்கின. சாவியை அணைத்துவிட்டு மூன்று வெறும் உதை, சாவி போட்டு ஒரு நிஜ உதை. டாங்கைக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டல். வண்டியை இடப்பக்கம் சாய்த்து இருபது எண்ணுதல். பதினான்கில் யாரோ வணக்கம் சொன்னதால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பக்கத்து மூடி கழன்று தரைக்கு வந்தது. கடைசியாக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, கூடியிருந்த நாலு பேருக்கும் காட்டினார். கரியும் பெட்ரோலுமாக நனைந்திருந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னனல்லோ!"

அவர் என்ன சொன்னார் என்பது அங்கிருந்த யாருக்கும் ஞாபகமில்லை. ஆனாலும் தலையாட்டினார்கள். மணி எட்டு.

நாலாம் நம்பர் வீட்டு அந்தோணிராஜ் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். "ஏறுங்க முனீஸு. உங்க கம்பெனி வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போறேன்."

எவ்வளவு எளிய வழி! முனீஸ் சாப்பாட்டுப் பையைக்கூட எடுத்துவிட்டான். ஆனால் கிளம்பாத வண்டி வைத்தியருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? ஆபரேஷன் நடுவில் நோயாளியின் சொந்தக்காரர்கள் கிளம்பிப் போவதாவது!

"இருப்பா, இருப்பா! அஞ்சே நிமிசம். நீ இதை உட்டுப்போட்டுப் போனயின்னா வண்டிக்கு அதே பழக்கமாயிரும். நீ போ கண்ணு அந்தோணி, உனக்கு நேரமாகுது."

அந்தோணிராஜ் முனீஸைப் பார்த்தான். முனீஸ் வீட்டு ஓனரைப் பார்த்தான். அந்தோணிராஜ் போய்விட்டான்.

ஐந்து நிமிஷத்தில் பிளக்குக்கு உப்புத்தாள் தேய்ப்பு நடந்தது. அடுத்து அதைச் சூடுபடுத்த வேண்டுமாம். முனீஸின் மனைவி வேல்விழி அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பன் வாசலில் நின்றபடியே, "அம்மணி, அந்தத் தோசக்கல்லைச் சித்த எறக்கி வை" என்றார். பாதி வெந்த தோசையோடு கல் இறங்கியது. அந்த இடத்தில் பிளக் ஏறியது. அடுப்படி முழுக்கப் பெட்ரோல் நாற்றம். வேல்விழி கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். எட்டு பத்து.

சூடான பிளக்கோடும் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளச் சொன்னார். முனீஸ் லைன் வீட்டு முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், இஸ்திரி போட்ட புதுச்சட்டை முதுகில் ஒட்ட, தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் நஞ்சப்பனுக்கு மனசு பிசைந்தது. பையனுக்கு இன்றைக்கு என்ன நாள் என்று அவருக்கும் தெரியும். அந்தோணிராஜோடு அனுப்பியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அவர் அதை வாசலோடு அனுப்பிவிட்டார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரியவில்லை என்ற இரண்டு வார்த்தையை எப்படிச் சொல்வது?

"கார்ப்பரேட்டரக் கழட்டிப்போடலாம்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு.

வேல்விழி வெளியே வந்தாள். வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் பனியன்களைப் புரட்டி, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற கண் அவளுடையது. கழற்றிப் போட்டிருந்த மூடியைத் தாண்டிக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, அங்க என்ன ரோஸ் கலர்ல தொங்குது?"

எல்லோரும் குனிந்தார்கள். காற்று இழுக்கிற வாயிலிருந்து ஒரு ரோஸ் நூல் எட்டிப் பார்த்தது. வேல்விழி அதைப் பிடித்து இழுத்தாள். நூல் வந்தது, நூலைத் தொடர்ந்து துணி வந்தது, ஒரு சாண், இரண்டு சாண். நேற்று வைத்த வேஸ்ட் துணி! சாயங்காலம் கழுவிய தண்ணீரையெல்லாம் குடித்து, உப்பி, கொஞ்சநஞ்சக் காற்றுக்கும் வழிவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. வேல்விழி அதைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. யாரும் சிரிக்கவில்லை, ஓனர் ஆயிற்றே.

முனீஸ் பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்து உதைத்தான். நாலாவது உதைக்கு வண்டி கரும்புகையைக் கக்கிவிட்டு உறுமியது. மணி எட்டு பதினைந்து. கம்பெனிக்குப் பன்னிரண்டு நிமிஷ வழி.

நீங்களும் நானும் என்றால் அந்த இடத்தில் மெதுவாக உள்ளே போயிருப்போம். நஞ்சப்பனின் கை தானாக ஹேண்டில்பாரைப் பிடித்தது.

"இரு முனீசு, உடனே எடுக்கக் கூடாது. அஞ்சு நிமிசம் சூடேறோணும்."

முனீஸ் வழக்கம்போல நின்றான். வேல்விழி நிற்கவில்லை. ஈரத் துணியை நஞ்சப்பன் கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மெல்ல நீட்டினாள்.

"கையில கரியா இருக்குண்ணே. தொடைச்சுக்கோங்க."

அவர் துணியை வாங்கக் கையை எடுத்தார். "போங்க" என்றாள் புருஷனிடம். வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

எட்டு இருபத்தேழுக்கு முனீஸ் கேட்டுக்குள் நுழைந்தான். லைன் அவனுக்கே கிடைத்தது. சாயங்காலம் ஒரு மைசூர்பாகுப் பொட்டலத்தோடு வந்து, "நீங்க மட்டும் இல்லாட்டி இன்னிக்கு என் பாடு அவ்வளவுதாண்ணே" என்று வாய் கூசாமல் சொன்னான். இப்படித்தான் இந்த இனம் அழியாமல் இருக்கிறது.

ஆனால் மறுநாள் காலை முன்வீட்டு மதில்மேல், நஞ்சப்பன் கை துடைத்துப் போட்டுவிட்டுப் போன அந்த ரோஸ் துணி இருந்தது. துவைத்து, காயவைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற பனியன்போல மடிப்புக் கலையாமல் மடித்து, மேலே ஒரு செக்கிங் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. டேமேஜ் பீஸ்களுக்கு ஒட்டுவார்களே, அந்தச் சிவப்பு அம்பு. அம்பு அவர் வீட்டு வாசலைப் பார்த்து இருந்தது. நஞ்சப்பன் அதைக் கையில் எடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. காது மடல் சுட்டது. இனி யார் வண்டி எக்கேடு கெட்டாலும் சரி, காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

அடுத்த சந்தில் ஒரு உதை கேட்டது. அவர் காப்பியைக் குடித்தார். இரண்டாவது உதை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது உதை கேட்டபோது டம்ளர் மட்டும் மதில்மேல் இருந்தது. ரோஸ் துணியைக் காணோம்.

"ஏனுங்க, காப்பி ஆறுதுங்க!" என்று சாமியாத்தாள் கத்தியது அடுத்த சந்துவரை எட்டவில்லை.

பாவம் அந்தச் சந்துக்காரர் என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? நல்லது. ஒரே ஒரு கேள்வி. முனீஸ் அத்தனை உதை உதைத்தபோது, அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு போனபோது, உங்கள் மனசுக்குள், 'அட, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையே!' என்று ஒரு குரல் பதறியதா? பதறியிருந்தால், தயவுசெய்து உங்கள் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உப்புத்தாள் தட்டுப்படும்.