பெரியவங்க குடிக்காம

"ம்ஹூம். பெரியவங்க குடிக்காம நான் குடிக்க மாட்டேன்" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள் ஐந்து வயது தாசோல்.

மான்சுவுக்குத் தலை கிறுகிறுத்தது. மொக்போ துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் இரவெல்லாம் வெல்டிங் வைத்துவிட்டு வந்த அலுப்பு. மனைவி மீன் கம்பெனிக்குப் போய்விட்டாள். பிள்ளைக்கு முந்தாநாளிலிருந்து வாந்தியும் போக்கும். உப்புச் சர்க்கரைத் தூள் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லியிருந்தாள் நர்ஸ். சாயங்காலத்துக்குள் பிள்ளை ஒன்றுக்குப் போகாவிட்டால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமாம்.

பெரியவர் கரண்டி எடுக்கும் முன்னே சின்னவர் வாய் வைக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். வேறு வழி? ஒரு ஸ்பூன் குடித்தான்.

"இப்ப நீ."

"அது சும்மா உதட்ட நனைச்சது. நல்லாக் குடிங்கப்பா."

குடித்தான். தரைக்கடியில் ஓடும் வெந்நீர்ச் சூடு உடம்பெல்லாம் ஏறி, பாயோடு மிதப்பதுபோல் இருந்தது. சன்னலுக்கு வெளியே கிரேன்கள் கழுத்தை நீட்டி மேகத்தை மேய்ந்துகொண்டிருந்தன.

துணி முயலை இழுத்து முன்னால் வைத்தான். "இந்தா, முயல் தாத்தா குடிச்சிட்டாரு."

"தாத்தாவாம்! அது போன வருஷம் வந்தது. என்னைவிடச் சின்னது."

முயலும் ஆமாம் என்று தலையாட்டியதாக அவனுக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்துக் கஞ்சிப் பானையோடு உள்ளே வந்தார் மாடி வீட்டு பாங் அண்ணன். அப்பாடா, அசல் பெரியவர்!

"அண்ணே, நீங்க ஒரு வாய் குடிங்க. அப்பதான் இவ குடிப்பா."

குடித்தார். முகம் கோணியது. "கடல் தண்ணியால்ல இருக்கு! இந்தா தம்பி, என் கையால ஊத்துறேன்."

மூத்தவர் ஊற்றினால் மறுக்கலாமா? கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, அவருக்கு எதிரே குடிக்கக்கூடாதென்று, சாராயம் குடிப்பவன்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தான். திரும்பினால் கிண்ணம் மறுபடி நிறைந்திருந்தது. மறுபடி சுவர். முதுகுக்குப் பின்னால் பிள்ளை கிளுகிளுவென்று சிரித்தது. குடித்தாளா இல்லையா? சுவரைப் பார்ப்பவனுக்கு என்ன தெரியும்? தண்ணீருக்குப் பிறகு கஞ்சியும் அதே வழியில் போனது.

கடைசியில் பானையின் அடி தெரிந்தது. மான்சு பதறினான்.

"ஐயோ அண்ணே, எல்லாத்தையும் நானே குடிச்சிட்டேனே! பிள்ளை வாயில ஒரு சொட்டுப் போகல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

எழுந்தான். சுவர் அவனோடு சேர்ந்து எழுந்து, சாய்ந்து, அவனை மெல்ல உட்கார வைத்தது.

பாங் அண்ணன் அவன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டார்.

"படு தம்பி. காலையில நீ அசந்து கிடந்தப்ப, மாடிக்கு வந்து ரெண்டு கிண்ணம் கஞ்சியக் குடிச்சிட்டு, எங்க கக்கூஸ்ல ஒன்னுக்கும் போயிட்டு, 'பெரியப்பா, அப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது, தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாரு, நான் முதல்ல குடிக்க வைக்கிறேன், நீங்க பின்னாடியே வாங்க'ன்னு சொல்லிட்டுப் போனவ இவதான்."