கார்புரேட்டருக்கு ஒரு குடை

பினாங்கில் ஒரு ரக மனிதர்கள் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்காவது போய்வருவதற்காகக் கார் வாங்குகிறவர்கள் அல்ல இவர்கள். வாங்கிய காரைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதற்காகவே பிறவி எடுத்தவர்கள்.

ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி விஸ்வலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன, இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார் அவருடையது. அதில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், புகைக்குழாயின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். மேலே பினாங்கு வெயில், கீழே இஞ்சின் அனல். பெட்ரோல் போகிற வழியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கார் ஒரு செருமல் செருமிவிட்டு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத்தை வைத்தால் போதாதா? போதும். விஸ்வலிங்கத்துக்குத்தான் போதவில்லை. தகரத்தின்மேல் கல்நார், கல்நார்மேல் கம்பளி, கம்பளிமேல் வாழைப்பட்டை, அதற்கும்மேல் இளநீரில் நனைத்த துணி என்று, உடம்புச் சூட்டுக்குத் தாம் அறிந்த வைத்தியம் அத்தனையையும் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். பனிக்கட்டிபோல் இருந்தது. இஞ்சினை இன்னும் முடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவி கமலாம்பிகையின் ஒரே தங்கை, கணவர் பென்ஷன் வாங்கியதால் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கே கப்பலேறுகிற நாள் வந்தது. இனி இருவரும் பார்த்துக்கொள்வது கடவுள் செயல். வழியனுப்பத் துறைமுகத்துக்கு ரிக்‌ஷாவில் போய்விடலாம் என்றாள் கமலாம்பிகை. வீட்டில் காரை வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவா? விஸ்வலிங்கத்துக்கு மனம் நொந்தது. காரில்தான் புறப்பட்டார்கள்.

உச்சிவெயிலில், டத்தோ கெராமாட் ரோட்டின் நடுவில், கார் செருமியது, நின்றது. அத்தனை போர்வைக்குள் புகுந்த சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வெந்துகொண்டிருந்தது. பானட்டைத் திறந்த விஸ்வலிங்கம் பதறிப்போனார். கார்புரேட்டரின்மேல் நேர் வெயில்!

"இஞ்சேரும், அந்தக் குடையை ஒருக்காத் தாரும்" என்றார்.

கொடுத்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் பத்திரிகை விசிறி என்று அவர் சிசுருஷையில் இறங்கினார். பட்டுச் சேலையில் வேர்த்து வழிய வெயிலில் நின்றாள் கமலாம்பிகை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். அவசரப்படுத்தினால் சூடு இறங்காது என்றார், தலையைத் திருப்பாமல்.

"கப்பல் உங்கட கார் மாதிரி நிண்டுகொண்டிராது" என்றவள், எதிரே வந்த ரிக்‌ஷாவை நிறுத்தி ஏறிக்கொண்டாள். விஸ்வலிங்கம் திடுக்கிட்டுக் குடையை நீட்டினார்.

"அதுக்கே பிடியுங்கோ."

அவள் போய்ச் சேர்ந்தபோது கப்பலின் ஏணியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். தங்கையின் கையை ஒருதரம் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கரையிலிருந்து கையாட்டினாள், மேலே யார் எவர் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை விஸ்வலிங்கம் நண்பர்களிடம், குடை மட்டும் இல்லாதிருந்தால் கார்புரேட்டர் கதை முடிந்திருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி தங்கையைப் பார்த்தாளா என்று அவர் கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் கார் இல்லை என்ற தைரியம். போகட்டும், ஒரு ரேடியோப் பெட்டியாவது, பித்தளை மின்விசிறியாவது, ஏதாவது சங்கத்துக் காரியதரிசிப் பதவியாவது இருக்குமே? அதற்கு நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் குடை யாருடையது என்று சற்றே திரும்பிப் பாருங்கள். கொடுத்தவர் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.