இரண்டாம் தரம் எழும்பிய சூரன்

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழும்பிப் போகிறவர்களை நான் மனிதராக மதிப்பதில்லை. அதுவும் சூப்பர் ஹீரோ படமென்றால், துடைப்பத்தோடு ஆள் வந்து என் காலடியைக் கூட்டும்வரை அசையமாட்டேன். கடைசிப் பெயரும் ஓடிய பிறகு ஒரு துண்டுக் காட்சி வருமே, செத்துப்போன வில்லனின் விரல் லேசாக அசையுமே, அதைப் பார்க்காமல் வருவது கோயிலுக்குப் போய் விபூதி வாங்காமல் வருவது மாதிரி. இந்தக் கொள்கையால்தான் என் கல்யாணம் வெள்ளவத்தையில் ஒரு கோயில் வீதியில் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது ஆரணியும் நானும் பம்பலப்பிட்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை. விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். எல்லோருக்கும் சம்மதம், அவளுடைய அம்மாவுக்கு மட்டும் இல்லை. (மாமி என்று இப்போது உரிமையோடு சொல்கிறேன். அப்போது அவரைக் கண்டால் எனக்கு வாயே திறக்காது.) "இந்த வயசிலையும் முகமூடிப் படம் பார்த்துக்கொண்டு திரியிற பொடியன். சாமி, விரதம் ஒண்டும் கிடையாது" என்பது அவருடைய தீர்ப்பு. அவர் ஓம் என்று சொல்லாமல் ஆரணி ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள்.

கந்தசஷ்டி தொடங்கியிருந்த வாரம். ஆறாம் நாள் கோயில் வீதியில் முருகன் சூரனை வெல்லும் சூரன்போர் நடக்கும். நான் பல மாதமாகக் காத்திருந்த படம் வெளியாக, ஆரணியையும் இழுத்துக்கொண்டு போனேன். நாயகன் உலகத்துக்காகச் செத்தான், முகத்தில் ஒளி விழ எழும்பினான், பின்னால் நூறு பேர் தேவாலயத்தில் பாடுவது போலப் பாடினார்கள். பிறகு பழைய படத்தில் வந்த வீரன் ஒருவன் முகமூடியைக் கழற்றியதும் தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். நான் கதிரையில் ஏறி நின்றேன்.

"இதுதான் ஃபேன் சர்வீஸ். கதைக்குத் தேவையில்லை. ஆனால் சனம் எதுக்கு வந்ததோ, அதை ஒருக்காக் காட்டிவிடுறது" என்று விளக்கினேன்.

"ஓம், திரை விலக்கித் தீபம் காட்டுற மாதிரி" என்றாள் ஆரணி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சூரன்போருக்கு வாங்கோ. சூரன் தூக்க ஆள் தேடுகினம். அம்மா அங்கைதான் நிப்பா" என்றாள்.

போனேன். வேட்டி கட்டி, அது அவிழாமலிருக்க உள்ளே பெல்ட்டும் கட்டிப் போனேன். சூரனின் மரச்சிலையை நீண்ட மரக் கொம்புகளில் கட்டித் தோளில் சுமந்து, முருகனை நோக்கி ஓடுவதும் பின்வாங்குவதுமாக ஆட்ட வேண்டும். முன் வலது கொம்பைப் பிடித்திருந்தவர் செல்வம் அண்ணை. அவர் திரும்பும் பக்கம் மற்றவர்களும் திரும்ப வேண்டும். ஏனென்று கேட்கக்கூடாது, மேளச் சத்தத்தில் கேட்டாலும் கேட்காது.

சூரனின் தலையைக் கழற்றி வேறு தலை மாட்ட, ஆனைமுகம் வந்தது, சனம் ஆரவாரித்தது. சிங்கமுகம் வந்தது, இன்னும் பெரிய ஆரவாரம். அடுத்தது என்ன தலை என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தோளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரும் முதல் தரம் பார்ப்பது போலக் கத்தினார்கள். எங்கள் தியேட்டர் கூட்டமேதான்!

வேல் பட்டது. சூரன் மாமரமானான், பிளந்ததும் சேவலும் மயிலும் வந்தன. குருக்கள் தீபம் காட்டினார். முருகன் வாசல் பக்கம் திரும்பினார். "தம்பி, இதைப் பிடியும். மெல்லமாப் பின்னுக்குக் கொண்டு போங்கோ" என்று செல்வம் அண்ணை தன் கொம்பை என் தோளில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அப்போதுதான் சில வாண்டுகள், "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்தினார்கள்.

நான் திரும்பினேன். மற்றவர்களும் திரும்பினார்கள். தலையில்லாத சூரன் முருகனின் முதுகுப் பக்கத்தால் பாய்ந்து வருவதைக் கண்ட தவில்காரர், பழக்கதோஷத்தில் போர் மேளத்தை மறுபடி தொடங்கிவிட்டார். சனத்தில் பாதி "அரோகரா" என்றது. மீதி "ஐயோ" என்றது.

"எங்கை வாறியள்? சூரன் முடிஞ்சுது!" என்று கையில் சேவலோடு கத்தினார் குருக்கள்.

"இன்னொருக்கா வேலை விடுங்கோவன், ஐயா" என்றார் யாரோ.

"வேல் ஒருக்காத்தான் விடுறது! இரண்டாந்தரம் விட என்னட்டை மந்திரமில்லை!"

எல்லாம் அப்படியே நின்றது. ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு இருந்த விரதகாரர்கள், சூரன் விழுந்ததென்று வாசலைத் தாண்டியவர்கள், மறுபடி உள்ளே வந்தார்கள். சூரன் நிமிர்ந்து நிற்கும்போது எப்படி வீட்டுக்குப் போவது? அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமி வந்தார். விரதத்தில் உதடு வெடித்திருந்தது. எனக்கு நேரே நின்று, சத்தமில்லாமல் சொன்னார்:

"தம்பி, இறக்கி வையும். நான் போய் முழுகிப் பால் குடிக்கவேணும்."

இறக்கினேன். வேலில்லாமல் சூரன் விழுந்தது அன்றுதான்.

வீதி ஓரத்தில் குந்தியிருந்தேன். கல்யாணம் போய்விட்டது என்று நன்றாகத் தெரிந்தது, அழுகை வந்தது. என் படங்கள் என்னை எழும்பவிடாமல் இருத்தி வைக்கும், இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு என்று. கோயிலும் தெரிந்ததைத்தான் மறுபடி காட்டுகிறது. ஆனால் காட்டிவிட்டு, முடிந்தது, போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிடுகிறது. அதோடு, நான் தேடிய துண்டுக் காட்சி ஏற்கெனவே அங்கே இருந்தது. இந்த வில்லன் அடுத்த பாகத்துக்காக விரலை அசைப்பதில்லை. எதிரியின் வாகனமாகவும் கொடியாகவும் அவன் வீட்டோடு சேர்ந்துவிடுகிறான். இதைப் படமாக எடுத்தால் எந்தக் கம்பனியும் ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டில் மாமி சொன்னதை ஆரணி போனில் சொன்னாள். முதலில் என்னைப் பற்றி நீளமாக ஏசினாராம். பிறகு கைகழுவப் போனவர் திரும்பி நின்று, "சூரனையே முருகன் கொடியிலை வச்சிருக்கிறார். இந்தப் பொடியனை நாங்கள் வச்சிருக்க ஏலாதே?" என்றாராம்.

இன்றைக்கும் வீட்டில் நான் விடைபெற்றுப் போய், மறந்த குடைக்காகத் திரும்பி வந்தால், "சூரன் எழும்பிட்டார்!" என்று ஒரு குரல் வரும். சூரன்போருக்கு வருஷம் தவறாமல் போகிறோம். கொம்பின் பக்கம் என்னை யாரும் விடுவதில்லை. வேல் பட்டு, தீபம் காட்டி, முருகன் வாசலுக்குத் திரும்பிய பிறகும் மாமி மட்டும் போகாமல் நிற்பார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, இரண்டு கையும் வெறுமையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் பால் குடிக்க வீட்டுக்குப் போவார்.